கற்பித்த கைக்கு நாற்காலி எங்கே?

பிரமனின் முகத்திலே ஒருவன் பிறந்தான். தோளிலே ஒருவன் பிறந்தான். தொடையிலே ஒருவன், காலிலே ஒருவன். யார் எங்கே பிறந்தான், ஆகவே யார் யாருக்கு மேல், யார் யாருக்குக் கீழ் என்று கதை கட்டியவர்கள் வரி பிசகாமல் கணக்கெழுதி வைத்தார்கள். ஒன்றை மட்டும் எழுத மறந்தார்கள். அந்த நான்கு பேறுகளையும் பார்த்த மருத்துவச்சி யார்? முகத்திலே பிறப்பவனுக்கு மருத்துவச்சி வேண்டுவதில்லை போலும்! ஆனால் தோழர்களே, கதையிலே பிறந்தவர்கள் நாலே பேர். மற்றக் கோடானுகோடிப் பேரும், நீங்களும் நாமும், நமக்கு மருந்து தரும் டாக்டரும், அந்த டாக்டருக்குப் பட்டம் தந்த துணைவேந்தரும், தாயின் வயிற்றிலே தங்கி, அவள் வலியிலே வெளிவந்தவர்கள். கத்தியால் எடுக்கப்பட்டவர்கள் நீங்கலாக, மற்றவர்கள் முதன்முதலில் விழுந்த இடம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் இரு கைகள்.

அந்தக் கைகளைப் பற்றித்தான் இங்கே பேச வந்தோம். அவை பிள்ளையை ஏந்தின என்பது ஊரறிந்த செய்தி. அவை டாக்டருக்குப் பாடஞ்சொல்லின என்பது ஊரறியாத செய்தி. நேற்றும் சொல்லின, இன்றும் சொல்கின்றன; சொல்லியும் ஆசிரியர் என்ற பெயரைப் பெற்றாரில்லை. இதை நன்றி கெட்ட செயல் என்று சொல்லி விட்டுவிடலாம். விட முடியாமைக்குக் காரணம், அந்த நன்றி கேட்டின் தழும்பு பிள்ளை பெறும் பெண்ணின் உடலில் விழுகிறது என்பது.

நாம் டாக்டர் அல்லோம். கரும்பலகைக்கு முன் நின்று பாடஞ்சொல்லிப் பிழைப்பவர்கள். மருத்துவத்தைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்பார் உண்டு, இருக்கட்டும். கற்பிப்பவர் யார், கற்பவர் யார், கற்பித்தவருக்கு என்ன மதிப்பு என்பன நம் தொழிலைச் சேர்ந்த கேள்விகள். அவற்றைக் கேட்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நாவிதர் குலத்தாருக்கு மருத்துவர் என்று பெயர். அவ்வீட்டு ஆண் முடி மழித்தான், கட்டி கீறினான், பச்சிலை அரைத்துக் கட்டினான். அவ்வீட்டுப் பெண் பிள்ளைப்பேறு பார்த்தாள்; அவள் மருத்துவச்சி. நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவார்கள். அரிக்கேன் விளக்கின் பின்னே ஓடுவாள். போகும் போது அவள் தெய்வம். பிள்ளை பிறந்து தொப்புள்கொடி அறுத்த மறுகணமே அவள் தீட்டு! படிநெல்லும் பழஞ்சேலையும் கூலி. கொல்லைப்புறம் அவளுக்கு வழி. திருச்சி மலைமேல் இருக்கும் கடவுளுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத ஒரு பெண்ணுக்கு, அந்தத் தாயின் உருவிலே வந்து பேறு பார்த்தார் என்று தலபுராணம் உருகுகிறது. ஆண்டவன் ஒரே ஒரு பேறு பார்த்தான். மலைமேல் கோயில் எழுப்பினார்கள். ஆயிரம் பேறு பார்த்தாள் அந்த ஊரின் மருத்துவச்சி. அவளுக்குத் தெருவாசல்கூட இல்லை.

பிறகு மருத்துவம் கல்லூரிக்குப் போயிற்று, பட்டமாயிற்று, பணமாயிற்று. உடனே என்ன நடந்தது? மருத்துவர் என்ற சொல் சேரியோரத்தையும் குளக்கரையையும் விட்டெழுந்து, வெள்ளைச் சட்டை அணிந்து, பெயர்ப்பலகை ஏறிற்று. மருத்துவச்சி என்ற சொல் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. ஐயம் உண்டானால், பட்டம் பெற்ற ஒரு பெண் டாக்டரை 'மருத்துவச்சி அம்மா' என்று அழைத்துப் பாருங்கள். முகம் சிவக்கும். இலக்கணப்படி அதிலே குற்றமில்லை, சாதிப்படிதான் குற்றம்.

சாதி பிடித்த நாட்டிலே இப்படி. மேலை நாட்டிலே எப்படி என்று கேட்கலாம். அங்கே வருணம் இல்லை, ஆனால் கையால் செய்வது தாழ்வு, ஏட்டால் அறிவது உயர்வு என்ற நோய் அங்கும் இருந்தது. இங்கிலாந்திலே சேம்பர்லென் என்றொரு மருத்துவர் குடும்பம். வெளிவராத குழந்தையின் தலையைப் பற்றி இழுக்கும் இடுக்கியைக் கண்டுபிடித்தார்கள். நல்ல கருவி, எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். காத்ததா? பொன்முலாம் பூசிய பெட்டியிலே பூட்டி எடுத்து வருவார்களாம். பிள்ளை பெறுபவளின் கண்ணைக் கட்டுவார்களாம். உறவினரை வெளியே துரத்துவார்களாம். நூறாண்டுக்கு மேல், தலைமுறை தலைமுறையாக அந்த இரகசியம் ஒரே குடும்பத்தின் சொத்து. 1670-ஆம் ஆண்டு அவர்களில் ஒருவர் பாரிசு நகரம் சென்று அதை விலை பேசினார். மந்திரத்தைக் காதிலே ஓதி, கேட்ட மற்றவன் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன கூட்டத்தை நாம் அறிவோம். அவர்களுக்கு இங்கிலாந்திலும் உறவினர் இருந்தனர் என்பதை இப்போதுதான் அறிகிறோம்.

அதே நூற்றாண்டில், செருமானிய மண்ணில், யுஸ்டீனே சீகமுண்ட் என்ற மருத்துவச்சி என்ன செய்தார் தெரியுமா? பிராண்டன்பர்க் அரண்மனைக்கே பேறு பார்த்தவர். தாமோ பிள்ளை பெறாதவர். 1690-இல் தாம் அறிந்தது அனைத்தையும் நூலாக அச்சிட்டார். இரண்டு பெண்கள் உரையாடுவதாக எழுதி, குழந்தை குறுக்கே கிடந்தால் எப்படிக் கையைச் செலுத்துவது, எப்படித் திருப்புவது என்று படம் போட்டுக் காட்டினார். ஆண் டாக்டர் பெட்டியைப் பூட்டினார். மருத்துவச்சி புத்தகத்தைத் திறந்தார். இவற்றிலே எது அறிவியல்?

அடுத்த நூற்றாண்டில் பிரான்சு நாட்டிலே ஆஞ்செலிக் து கூத்ரே. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் நமக்கு இவர்மீது ஒரு தனி உரிமை. 1759-இல் மன்னன் பதினைந்தாம் லூயி இவருக்கு ஆணைப் பத்திரம் அளித்தான்: நாடெங்கும் சென்று பேறு பார்க்கும் கலையைக் கற்பிப்பீராக! எழுத்தறியாத சிற்றூர்ப் பெண்களுக்குப் பாடஞ்சொல்ல வேண்டும். கரும்பலகையில் எழுதிப் பயனில்லை. உயிருள்ள பெண்ணின்மேல் பழக விடுவதும் தகாது. என்ன செய்தார்? துணியும் தோலும் பஞ்சும் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்பை உருவாக்கினார். உள்ளே வைக்க ஒரு குழந்தைப் பொம்மை. அதற்கு நச்சுக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் உண்டு. கயிற்றை இழுத்தால் வழி விரியும், தளர்த்தினால் சுருங்கும். தலை முதலில் வந்தால் இப்படி, கால் முதலில் வந்தால் இப்படி என்று ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துப் பழக்கினார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வண்டியிலே ஊர் ஊராக. ஆயிரக்கணக்கான பெண்கள் பயின்றனர். அவர் ஓர் ஊரைவிட்டுப் போன பிறகு பாடம் நின்றுவிடக் கூடாதே என்று, அந்தந்த ஊர் அறுவை மருத்துவர்களை, ஆம் தோழர்களே, ஆண்களைத்தான், பொம்மையைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது என்று பயிற்றிவிட்டுச் சென்றார். அந்தப் பொம்மைகளில் ஒன்று ரூவான் நகரக் காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இன்றைய மருத்துவக் கல்லூரிகளிலே பிளாஸ்டிக் பொம்மையை வைத்து மாணவர் பழகுகிறார்களே, அந்தக் கற்பிக்கும் முறையை நாடு முழுதும் நடத்திக் காட்டியவர் ஒரு மருத்துவச்சி. எத்தனை மாணவருக்கு அவர் பெயர் தெரியும்?

பாரிசு நகரத்து மரீ-லூயி லாஷப்பேல் இன்னொருவர். தாயும் மருத்துவச்சி, அந்தத் தாயிடம் பயின்று, பெரிய மகப்பேற்று மனை ஒன்றின் தலைமையை ஏற்றார். அக்காலத்தில் பேராசிரியர் போதலோக், குழந்தை கருவறைக்குள் கிடக்கக்கூடிய நிலைகள் 94 என்று வகுத்து வைத்திருந்தார். பதினாயிரக்கணக்கில் பேறுகளைக் கண்ட லாஷப்பேல், அவற்றை 22 ஆகக் குறைத்தார். பேராசிரியர் கணக்குப் போட்டு வைத்த நிலைகளில் பல தாயின் வயிற்றுக்குள் வருவதேயில்லை! 1821-இல் அவர் மறைந்தார். அவ்வாண்டு முதல் வெளிவந்த அவரது நூல், டாக்டர்களுக்குப் பாடமாயிற்று. அவரிடம் பயின்ற மரீ புவாவேன் அம்மையாருக்கு, 1827-இல் செருமனியின் மார்பர்க் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. சொந்த ஊரான பிரான்சு அளிக்கவில்லை. கற்கக் கசக்கவில்லை, கற்பித்தவளைப் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் கசந்தது.

சரி, இப்படிப் பிரித்து வைத்தால் என்ன கெட்டுவிடும்? டாக்டர் டாக்டரிடம் பயிலட்டும், மருத்துவச்சி மருத்துவச்சியிடம் பயிலட்டும் என்று சிலர் சமாதானம் பேசுவர். அதையும் ஒரு நாடு செய்து பார்த்தது. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுக்கு இரு பிரிவுகள். 1840-ஆம் ஆண்டு ஓர் ஆணை: முதல் பிரிவு மருத்துவ மாணவர்களுக்கு; இரண்டாம் பிரிவு மருத்துவச்சிகளின் பயிற்சிக்கு. கட்டடம் ஒன்று, காற்று ஒன்று, ஏழ்மையும் ஒன்று. 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் பிள்ளை பெற்ற நூறு பெண்களில் ஏறக்குறைய பத்துப் பேர் செத்தார்கள். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. 1846-இல் மட்டும் எடுத்தால் அங்கே 11.4 விழுக்காடு, இங்கே 2.8. தெருவிலே நடந்து வரும் ஏழைப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. 'எங்களை மருத்துவச்சிகளின் பிரிவிலே சேருங்கள்' என்று மண்டியிட்டு மன்றாடினார்கள். பேராசிரியர்களுக்கோ காரணம் தெரியவில்லை. காற்றிலே நஞ்சு என்றார்கள். விதி என்று சொல்லாததுதான் குறை.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணம் கண்டார். மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்தார்கள். அதே கையோடு வந்து பெண்களைச் சோதித்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிண அறையிலே வேலையில்லை. 1847 மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவாமல் எவரும் பேற்று அறைக்குள் நுழையக் கூடாது என்று அவர் விதித்தார். 1848-இல் முதல் பிரிவின் சாவு 1.27 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 1.33. நேர்மையோடு சொல்வோம்: மருத்துவச்சியின் கை பெண்ணின் கை என்பதால் அது தூய்மையாக இருக்கவில்லை, பிணத்தைத் தொடாததால் இருந்தது. ஆனால் நம் கேள்வி வேறு. இருபிரிவும் ஒரே கூரையின் கீழ் இருந்தும், இங்கே இத்தனை பேர் சாகிறார்கள், அங்கே சாகவில்லையே, அவர்கள் என்ன செய்கிறார்கள், போய்ப் பார்ப்போம் என்று ஆறாண்டுக் காலம் பேராசிரியர்களின் கால் நடக்கவில்லையே, ஏன்? கற்பவளிடம் கற்பிப்பவன் போய்க் கற்பதா என்ற செருக்கு. கையைக் கழுவச் சொன்ன செம்மல்வைசையும் அந்தச் செருக்கு விட்டுவைக்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதியில் அவர் உயிர் போயிற்று.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். நம் காலத்துக்கே வருவோம். குழந்தையின் தலை வெளிவந்துவிடும், தோள் தாயின் எலும்பிலே சிக்கிக்கொள்ளும். சில நிமிடங்களுக்குள் விடுவிக்காவிட்டால் சாவு. டாக்டர்கள் அஞ்சும் நிலைகளில் இது முதன்மையானது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மருத்துவச்சி ஐனா மே காஸ்கின், 1976-இல் ஒரு வழி கற்றார். எங்கிருந்து? கௌதமாலா நாட்டு மலைச் சிற்றூர்ப் பெண்களின் வழக்கத்திலிருந்து. தாயைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலைக்குத் திருப்பிவிட்டால் இடுப்பெலும்பு இடங்கொடுக்கிறது, தோள் விடுபடுகிறது. 1998-இல், 82 பேறுகளின் முடிவோடு இதை மருத்துவ இதழ் வெளியிட்டது. இன்று டாக்டர்களின் பாடநூல்களில் அது காஸ்கின் முறை என்ற பெயரோடு இருக்கிறது. மருத்துவக் கல்லூரியின் வாயிலையே கண்டிராத மலைநாட்டுப் பெண்கள், உலகத்து டாக்டர்களின் ஆசிரியைகள்!

நம் சென்னைக்கு வருவோம். 1844-இல் இங்கே பிள்ளைப்பேற்று மருத்துவமனை தொடங்கியது. பின்னர் 1882-இல் இடம்பெயர்ந்தது. 1866-இல் வழக்கறிஞரான கணவரோடு இந்நகருக்கு வந்தார் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண். ஆண் டாக்டரைத் திரைக்கு உள்ளே விடமாட்டோம் என்ற வீடுகளில் பெண்கள் பேற்றிலே துடித்துச் சாவதைக் கேட்டார், கண்டார். உடனே அவர் கல்லூரிக்குப் போகவில்லை; போகவும் முடியாது, பெண்ணைச் சேர்ப்பார் இல்லை. பிள்ளைப்பேற்று மருத்துவமனைக்குப் போய் ஓராண்டு மருத்துவச்சித் தொழில் பயின்றார். அதன் பிறகே, 1875-இல், வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு அவருக்குத் திறந்தது. 1878-இல் தேறினார், இலண்டன் சென்று பட்டம் பெற்று மீண்டார், அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பேற்று மருத்துவம் கற்பித்தார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மருத்துவச்சி, பிறகு டாக்டர், பிறகு டாக்டர்களுக்கு ஆசிரியர். ஏணியின் முதற்படி எது என்பதை நம் நகரத்து வரலாறே சொல்கிறது. 1885-இல் அவர் தோற்றுவித்த மருத்துவமனைக்கு வைத்த பெயர் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை'. திருவல்லிக்கேணியிலே அதைப் பின்னாளில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று மாற்றினார்கள். மக்கள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். சாதிப் பெண்கள் என்றால் யார், சாதியற்ற பெண்கள் யார், அவர்கள் எங்கே போய்ப் பெற்றார்கள் என்றெல்லாம் இங்கே விரித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். பெயர்ப்பலகையை மட்டும் காட்டி நகர்கிறோம்.

இன்றைய நிலை என்ன? தமிழ்நாட்டிலே வீட்டுப் பேறு என்பது அநேகமாக ஒழிந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களில். இது பெருமை, மறுப்பதற்கில்லை. சிற்றூர்தோறும் நடந்து, கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்து, கூட்டி வந்து சேர்த்த கிராமச் செவிலியரின் கால் தேய்ந்த பெருமை அது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் படிக்க வேண்டும்: தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு வயிற்றை அறுத்து எடுக்கப்பட்டவை. தனியார் மருத்துவமனைகளில் 63.8. இந்தியா முழுமைக்கும் அது 21.5. தமிழ்ப் பெண்ணின் இடுப்பு மட்டும் இயற்கையிலேயே குறுகிப் போயிற்றா? அறுவை உயிர் காக்கும் கலை. வேண்டிய இடத்திலே மறுப்பவன் கொலைகாரன். வேண்டாத இடத்திலே கத்தியை எடுப்பதற்குப் பணத்தாசை ஒரு காரணம், வழக்குக்கு அஞ்சுவது ஒரு காரணம், நல்ல நாள் நல்ல நேரம் பார்த்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும் சோதிடப் பைத்தியம் ஒரு காரணம். இவற்றோடு ஆராயப்படாத காரணம் இன்னொன்று இருக்கிறது. இளம் டாக்டருக்குக் காத்திருக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்?

காத்திருப்பது சோம்பல் அன்று, தோழர்களே. அது ஒரு வித்தை. வலி எடுத்தவளின் வயிற்றிலே உள்ளங்கையை வைத்து, தலை எங்கே, முதுகு எங்கே, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அறிவது. மரக்குழலையோ கருவியையோ வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை வலிக்கு வலி கேட்பது. முக்கு முக்கு என்று அதட்டாமல் எப்போது முக்க வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும் என்று சொல்வது. படுக்கவைத்தே தீருவேன் என்று பிடிவாதம் செய்யாமல் நடக்கவிடுவது, குந்தவிடுவது. தலை வெளிவரும் கணத்திலே கையைக் கொடுத்து வேகத்தை அடக்கி, தசை கிழியாமல் காப்பது. இவற்றைப் புத்தகத்திலே படிக்கலாம். மிதிவண்டி ஓட்டுவதையும் புத்தகத்திலே படிக்கலாம்! எந்த மருத்துவக் கல்லூரியில் பயின்றவரையும் தனியே அழைத்துக் கேளுங்கள்: 'ஐயா, முதல் பிள்ளைப்பேற்றை உங்கள் கைமேல் கைவைத்துக் காட்டியவர் யார்?' பேராசிரியர் என்று சொல்பவர் மிகச் சிலர். பேற்று அறையின் மூத்த செவிலியைச் சொல்வார். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் நின்ற அந்த அக்காவைச் சொல்வார். நன்றியோடுதான் சொல்வார். ஆனால் அந்த மாணவரின் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள், கையொப்பம் வேறொருவருடையது. தேர்வு மேசையைப் பாருங்கள், நாற்காலி வேறொருவருக்கு. ஏகலைவன் கதையிலே, கற்பிக்காத துரோணன் கட்டை விரலைத் தட்சிணையாக வாங்கினான். இங்கே விரலைப் பிடித்துக் கற்பித்தவளுக்குத் தட்சிணையும் இல்லை, குரு என்ற பேருமில்லை. இந்தக் கதையை எழுத வியாசனுக்கே துணிவு வந்திராது.

இதனால் யாருக்கு இழப்பு? மாணவர் பேராசிரியரோடு பார்ப்பது சிக்கலான பேறுகளையே: வலிப்பு, பெருக்கு, குறுக்கே கிடந்த குழந்தை. இயல்பான பேற்றை அவர் பார்ப்பது ஓரக்கண்ணால். அதைக் கற்பித்தவருக்கு மதிப்பில்லை என்பதால் அந்தப் பாடத்துக்கும் மதிப்பில்லை. இயல்பை நன்கறியாதவர் ஒவ்வொரு வலியிலும் ஆபத்தையே காண்கிறார். கை கத்தரியைத் தேடுகிறது. குழந்தை வரும் வழியை வழக்கமாகவே கீறிவிடுவது என்ற பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. எல்லோருக்கும் கீறுவது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாகப் பரிந்துரைத்தது. கீறாமல் பேறு பார்க்கத் தெரிந்த கை பக்கத்திலேயே, அதே அறையிலே, அதே சம்பளப் பட்டியலின் கீழ் வரிசையிலே நின்றுகொண்டிருக்கிறது. கற்பிக்கும் பதவி மட்டும் அதற்கு இல்லை.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். 'மருத்துவச்சியா! தொப்புளிலே சாணத்தைப் பூசியவள், துருப்பிடித்த கத்தியால் கொடி அறுத்தவள். அவளிடமா எங்கள் பிள்ளைகள் பயில்வது?' ஆம், பூசினாள். குழந்தைகள் இசிவு கண்டு இறந்தன. அறியாமையைப் பழைமை என்று போற்றும் வழக்கம் நமக்கில்லை. ஆனால் அவளை ஏட்டருகே வராதே என்று தடுத்தது யார்? சாணம் புனிதம் என்று அவளுக்குச் சொன்னது யார்? தூய கத்தியும் தடுப்பூசியும் பயிற்சியும் சிற்றூர்வரை போய்ச் சேர்ந்தபின், பேற்றுக்கால இசிவு நோய் நீங்கியதாக 2015-இல் இந்தியா சான்று பெற்றது. நாம் கேட்பது பயிற்சி பெற்ற, உரிமம் பெற்ற, அறிவியல் கற்ற மருத்துவச்சியை. இன்னொரு கூட்டம், காணொளியைப் பார்த்து வீட்டிலேயே 'இயற்கையாக'ப் பெற்றுக்கொள்வோம் என்கிறது. 2018-இல் திருப்பூரிலே அப்படி முயன்ற ஓர் இளம்பெண் குருதி வடிந்து இறந்தார். அந்தக் கூட்டம் நம் பக்கத்திலே வந்து நிற்க வேண்டா. மருத்துவச்சி வேண்டும் என்பதும் மருத்துவமனை வேண்டா என்பதும் ஒன்றல்ல.

'ஆபத்து வந்தால் டாக்டர்தானே வர வேண்டும். ஆகவே டாக்டரே மேல்' என்பது அடுத்த வாதம். வரட்டும், வந்தே தீர வேண்டும். அதனால் மேல், கீழ் என்பது எங்கிருந்து முளைத்தது? வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் பக்கத்திலிருந்து பார்ப்பவனையும் ஒரே வரிசையிலே வைத்தார், படிக்கட்டிலே வைக்கவில்லை. பிரிட்டனிலே இயல்பான பேற்றின் பொறுப்பு மருத்துவச்சியிடம் இருக்கிறது. மருத்துவ மாணவர் அவரோடு நின்று பயில்கிறார். அதனால் அந்நாட்டு டாக்டர் எவரும் தேய்ந்துவிடவில்லை. மருத்துவச்சியின் தொடர்ந்த கவனிப்பை மற்ற முறைகளோடு ஒப்பிட்ட பதினைந்து ஆய்வுகளை, பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியவற்றை, 2016-இல் ஒருங்கே வைத்து அலசினார்கள். கருவி போட்டு இழுக்கும் பேறுகள் குறைந்தன. குறைமாதப் பேறுகள் குறைந்தன. டாக்டர்கள் மதிப்பது சான்றைத்தானே? சான்று இதோ!

டெல்லியும் இதைச் சொல்லிவிட்டது. 2018 டிசம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டி, செவிலியருக்குப் பதினெட்டு மாதச் சிறப்புப் பயிற்சி தந்து மருத்துவச்சிகளை உருவாக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே 2017-இல் தெலங்கானா கரீம்நகரிலே தொடங்கிவிட்டது. நல்லது. ஆனால் மருத்துவச்சியை உருவாக்குவதோடு நின்றால், மறுபடியும் வியன்னாவின் இரண்டு பிரிவுகள்தாம். அவர் உருவான பிறகு மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கும் உரிமை அவருக்கு உண்டா? நம் கோரிக்கை இவ்வளவே. ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியின் மகப்பேற்றுத் துறையிலும் மருத்துவச்சிக்கு ஆசிரியர் பதவி, ஆசிரியர் ஊதியத்தோடு. இயல்பான பேற்றுப் பயிற்சிக்கான குறிப்பேட்டில் கையொப்பம் அவருடையது. அவர் தேறவில்லை என்று சொன்னால் அந்த மாணவர் மீண்டும் அந்த அறைக்கே வர வேண்டும். செய்முறைத் தேர்வு நாளில், தேர்வாளர் மேசைக்கு இன்னொரு நாற்காலி.

நாற்காலிக்கு இடமில்லை என்பார்கள். மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் தோழர்களும் தோழியரும் இதைப் படிப்பதாக அறிகிறோம். உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், உங்கள் கையைப் பிடித்து முதல் குழந்தையை ஏந்தவைத்த அந்த அக்காவின் பெயரை நீங்களே எழுதி, அதன் கீழே 'என் ஆசிரியர்' என்று குறித்து, பேராசிரியரின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். அதை அடிக்க அவர் எந்த விதியைக் காட்டுகிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள்.